காதுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

போன வருடம் என் 68-வது பிறந்த நாளுக்கு மகன் ஒரு குட்டி மியூசிக் பிளேயர் வாங்கிக் கொடுத்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. அதற்குள் என் நாற்பது வருடச் சேமிப்பு அத்தனையும் அடங்கிவிட்டது. கேசட்டிலிருந்து சி.டி., சி.டி.யிலிருந்து கம்ப்யூட்டர் என்று நான் தூக்கிச் சுமந்த கச்சேரிகள் எல்லாம் இப்போது சட்டைப் பையில்.

"போனிலேயே கேட்கலாமே?" என்று நண்பர்கள் கேட்டார்கள். கேட்கலாம்தான். ஆனால் ஆலாபனை சூடு பிடிக்கும் நேரம் பார்த்து "சார், லோன் வேணுமா?" என்று ஒரு குரல் வரும். அதனால் எனக்குத் தனிப் பெட்டிதான் சரி.

பிளேயரில் குறை இல்லை. பெட்டியோடு ஓர் இயர்போன் வந்தது. அதுதான் வினையாயிற்று.

காதின் வாசலில் சும்மா உட்காரும் பிளாஸ்டிக் குமிழ் அது. மின்விசிறிச் சத்தம், தெருவில் போகும் தண்ணீர் லாரி, பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் பாட்டோடு கலந்து உள்ளே வரும். மிருதங்கத்தின் தொப்பி கேட்கவே கேட்காது. நான் என்ன செய்வேன்? சத்தத்தைக் கூட்டினேன். பத்தில் ஆரம்பித்தது, ஒரு மாதத்தில் முப்பதுக்குப் போனது. அதுதான் அந்தப் பெட்டியின் உச்சம்.

ஒரு நாள் சாயங்காலம் முன் அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ தோளைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டு அம்மா. "அங்கே அக்கா விழுந்து கிடக்காங்க, நீங்க பாட்டுக் கேட்டுட்டு இருக்கீங்களே!" என்றார். கொல்லையில் துவைக்கிற கல் பக்கம் என் மனைவி வழுக்கி விழுந்திருக்கிறாள். நாலைந்து தடவை கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல வேளை, கணுக்கால் சுளுக்கோடு போயிற்று. மூன்று வாரம் கட்டு. அந்த மூன்று வாரமும் சமையல் என்னுடையது என்பது அவளுக்குக் கிடைத்த இரண்டாவது தண்டனை.

அவள் என்னைத் திட்டவில்லை. "ஏங்க, ஒரு தடவை காதை டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன்" என்று மட்டும் சொன்னாள். அதுதான் உறைத்தது. ராத்திரி படுக்கும்போது காதுக்குள் ஒரு ரீங்காரம் கேட்பதை நானும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

டாக்டர் ஆடியோகிராம் எடுத்தார். வயதுக்கு உண்டான குறைவு இருக்கிறது என்றார். அதோடு 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியிருந்ததைக் காட்டினார். பெருஞ்சத்தம் காதைத் தேய்த்தால் முதலில் அடி வாங்குவது பெரும்பாலும் அந்த இடம்தானாம். உள்காதில் இருக்கும் மயிர்செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. போனது போனதுதான். "இருக்கிறதைக் காப்பாத்திக்குங்க சார். பாட்டை விட வேண்டாம், சத்தத்தை விடுங்க" என்றார்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குச் சொல்கிறது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தம் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி. 90 என்றால் வாரத்துக்கே நாலு மணி நேரம்தான். 100 டெசிபலுக்குப் போனால் வாரத்துக்கு இருபதே நிமிடம். நான் தினமும் இரண்டு மணி நேரம் உச்சத்தில் வைத்துக் கேட்டவன். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதிலிருந்துதான் என் கட்சி பிறந்தது. நல்ல இயர்போன் என்பது சத்தமாகக் கேட்பதற்கு அல்ல. சத்தத்தைக் குறைத்து வைத்தும் பாட்டு முழுசாகக் கேட்பதற்கு. அதற்காகச் செலவழிக்கும் காசு ஆடம்பரக் கணக்கில் வராது, வைத்தியக் கணக்கில் வரும். பிளேயர் விலையில் மூன்றில் ஒரு பங்கு இயர்போனுக்குப் போனாலும் தகும் என்பேன்.

நான் தொலைபேசித் துறையில் 34 வருடம் குப்பை கொட்டியவன். காதில் வைக்கும் சமாசாரம் கொஞ்சம் தெரியும். பழைய தொலைபேசி 300-லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் குரலைக் கடத்தும். பேசுவது புரிய அவ்வளவு போதும். ஆனால் அதன் வழியாகக் கச்சேரி கேட்டால் மிருதங்கத்தின் இடது பக்கம் காணாமல் போகும், ஜாலரா மங்கிப் போகும். ரிசீவரைக் காதோடு அழுத்தினால் குரல் கனமாகும், அரை அங்குலம் தள்ளிப் பிடித்தால் தகரம் போல ஆகும். இயர்போனுக்கும் இதுதான் பால பாடம். காதுக்கும் அதற்கும் இடையில் இடைவெளி இருந்தால் கீழ் ஸ்தாயி வெளியே ஓடிவிடும், தெருச் சத்தம் உள்ளே வந்துவிடும்.

ஆகவே காதுக் குழாய்க்குள் பொருந்துகிற, ரப்பர் முனை வைத்த வகையைத் தேடினேன். ஒரு காலை நேரம் மின்சார ரயில் ஏறி ரிச்சி தெருவுக்குப் போனேன். பையில் பிளேயர், மனதில் ஆயிரம் ரூபாய் வரம்பு.

கடைப் பையன் எடுத்ததுமே ஒன்றை நீட்டினான். "சார், இது செம பாஸ் சார்!" போட்டுப் பார்த்தேன். கோயில் திருவிழாவில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற மாதிரி இருந்தது. பாடுகிறவர் போர்வைக்குள்ளிருந்து பாடினார். மலிவு இயர்போன்களில் பல, கேட்டவுடன் பிரமிக்க வேண்டும் என்று பாஸைத் தூக்கி வைத்துச் செய்யப்படுகின்றன. இந்தக் காலத்துப் பாட்டுக்கு அது பொருந்தலாம். நாம் கேட்பது டி.எம்.எஸ்., சுசீலா, மதுரை மணி ஐயர். நமக்கு உயிர் நடுவில் இருக்கிறது, மனிதக் குரல் இருக்கும் இடத்தில்.

அடுத்து பெட்டியின் மேல் இருக்கும் எண்கள். "40,000 ஹெர்ட்ஸ் வரை" என்று ஒன்றில் போட்டிருந்தது. நல்ல இளம் காதுக்கே 20,000-க்கு மேல் கேட்காது. நம் வயதில் 10,000 கேட்டாலே பெருமைப்படலாம். வௌவாலுக்குக் கேட்கிற சங்கீதத்துக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்? நான் பார்த்த எண்கள் இரண்டுதான். இம்பீடன்ஸ் 16 அல்லது 32 ஓம். சென்சிட்டிவிட்டி 100 டெசிபல் அல்லது அதற்கு மேல். கையடக்கப் பெட்டிக்குள் இருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயர் அவ்வளவைத்தான் சிரமமில்லாமல் ஓட்டும். ஸ்டூடியோவில் வைத்திருக்கும் 250 ஓம், 300 ஓம் ஹெட்போன்களை இதில் செருகினால் மாட்டு வண்டியில் லாரிச் சுமை ஏற்றிய கதைதான்.

பிறகு சோதனை. மூன்று பதிவுகளைத் தயாராக வைத்திருந்தேன். எம்.டி. ராமநாதனின் தாழ்ந்த, கனத்த குரல். கீழே இறங்கும்போது குரல் கரைகிறதா, நிற்கிறதா என்று பார்க்க. பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம். கும்கி தனியாகக் கேட்க வேண்டும், வலது பக்கத்தோடு குழையக் கூடாது. லால்குடி ஜெயராமன் வயலின். மேல் ஸ்தாயியில் காதைக் குத்தக் கூடாது. மூன்றையும் குறைந்த சத்தத்தில் வைத்துக் கேட்டேன். கூட்டினால் எந்த இயர்போனும் நல்ல பிள்ளையாகத்தான் நடிக்கும். குறைத்து வைத்தும் பின்னால் தம்பூரா கேட்டால் அதுதான் நம் ஆள்.

850 ரூபாயில் ஒன்று தேறியது. விலை கூடின இரண்டை இது தோற்கடித்தது. வாங்கி வந்தபின் கற்றுக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன்.

ரப்பர் முனை மூன்று அளவில் கொடுப்பார்கள். நடு அளவு மாட்டியே வரும், பலர் மற்றதைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள். எனக்கு வலது காதுக்கு நடுத்தரம், இடது காதுக்குப் பெரிசு. சரியாகப் பொருந்தியதா என்று பார்க்க, மாட்டிக்கொண்டு வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகுங்கள். சத்தம் மண்டைக்குள் முழங்கினால் பொருந்திவிட்டது. பொருந்தாத ஐயாயிரம் ரூபாய் இயர்போனைவிடப் பொருந்திய ஐந்நூறு ரூபாய் இயர்போன் மேல்.

எங்கள் துறையில் முதலில் பழுதாவது எப்போதும் கயிறுதான். இதிலும் அப்படியே. பின்னுக்குப் பக்கத்தில் ஒயர் ஒடியும். கழற்றி மாற்றும் ஒயர் உள்ளதாகக் கிடைத்தால் அதை வாங்குங்கள். ஒயர் போனால் இயர்போனே போக வேண்டாம். நடக்கும்போது ஒயர் சட்டையில் உரசிக் கரகரவென்றால், காதின் மேலாகச் சுற்றிப் பின்பக்கம் விடுங்கள், அடங்கிவிடும்.

பின்னில் கறுப்பு வளையங்களை எண்ணிப் பாருங்கள். இரண்டு என்றால் பாட்டு மட்டும். மூன்று என்றால் பேசுவதற்கு மைக்கும் உண்டு. பெரும்பாலும் இரண்டும் வேலை செய்யும். ஆனால் சில பழைய பிளேயர்களில் மூன்று வளையம் சரியாகத் தொடாது. அப்போது ஸ்டீரியோ பாட்டில் வாத்தியம் எல்லாம் கேட்கும், பாடுகிறவர் மட்டும் கிணற்றுக்குள் போய்விடுவார். பிளேயரைக் குறை சொல்லாதீர்கள், பின்னைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பாருங்கள். கடைக்குப் பிளேயரோடு போங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். நடைபாதையில் 150 ரூபாய்க்குப் பெரிய பிராண்டின் பெயர் போட்டு விற்பதை மட்டும் தொடாதீர்கள். பெயர் மட்டும்தான் அதில் பெரிது.

ஒயர் இல்லாதது வாங்கக் கூடாதா? வாங்கலாம். என் பிளேயரில் புளூடூத் இல்லை. இருந்தாலும் இன்னொன்றுக்கும் சார்ஜ் போட எனக்குப் பொறுமை இல்லை. சாக்கடையில் ஒற்றைக் காது விழுந்து தேடும் வயதும் இல்லை.

இப்போது பிளேயர் பன்னிரண்டில் நிற்கிறது. முன்பு முப்பதில் கேட்காத தம்பூரா பன்னிரண்டில் கேட்கிறது. ரீங்காரம் முழுசாகப் போகவில்லை. போகாது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார்.

ஆனால் ஒரு கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். காதை அடைத்துக்கொண்டால் மனைவி கூப்பிடுவது இன்னும் கேட்காதே? உண்மை. குறைந்த சத்தம் காதைக் காப்பாற்றும், கொல்லையில் விழுந்தவரைக் காப்பாற்றாது. அதனால் வீட்டில் எனக்கு ஒரு காதுதான் சங்கீதத்துக்கு. பழைய கச்சேரிப் பதிவுகளில் பெரும்பாலானவை மோனோ. இரண்டு பக்கமும் ஒரே சத்தம்தான். ஒரு காதில் கேட்டால் ஒன்றும் குறையாது. ஒற்றைக் காதுதானே என்று சத்தத்தைக் கூட்டாமல் இருந்தால் சரி. இரண்டு காதும் ரயிலிலும் பூங்கா பெஞ்சிலும் மட்டும். சாலையில் நடக்கும்போது ஒன்றும் கிடையாது. ஹாரன் அடிக்காமல் வரும் பேட்டரி ஸ்கூட்டர்கள் பெருகிவிட்டன.

1979-ல் சோனி முதல் வாக்மேனைக் கொண்டுவந்தபோது அதில் ஹெட்போன் செருக இரண்டு துளைகள் இருந்தன. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டின் சத்தம் குறைந்து, சின்ன மைக் வழியாகப் பக்கத்திலிருப்பவர் பேசுவது கேட்கும். ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று அந்த நிறுவனத்தின் அகியோ மொரிடாவுக்கு ஒரு கவலை. பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பொத்தானை எடுத்துவிட்டார்கள்.

என் பெட்டியிலும் அது இல்லை. ரிச்சி தெருவில் அறுபது ரூபாய்க்கு ஒரு ஸ்ப்ளிட்டர் கிடைத்தது. ஒரு துளையை இரண்டாக்கும். மனைவிக்கும் 850 ரூபாயில் அதே இயர்போன் ஒன்று வாங்கிவிட்டேன். வரம்பு தாண்டியதுதான். சாயங்காலம் ஒரு மணி நேரம் இரண்டு பேரும் ஒற்றைக் காதில் கேட்கிறோம். இன்னொரு காதில் அவள், "குக்கர் எத்தனை விசில் வந்தது?" என்று கேட்கிறாள்.

மூன்று. எனக்குக் கேட்டது.