ராட்சத ரோபோ சண்டை... அதிர்ஷ்டம் யார் பாக்கெட்டில் இருக்கு பாஸ்?

மூன்று ராட்சத ரோபோக்கள். எட்டுக்கு எட்டு கட்டம். எதிரே பூமியைப் பிளந்துகொண்டு வந்த பிரமாண்ட பூச்சிகள். அடுத்து எந்தப் பூச்சி எந்தக் கட்டடத்தை இடிக்கப்போகிறது என்று திரையிலேயே குறிபோட்டுக் காட்டியாச்சு. இப்போ உங்க டர்ன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். கடிகாரம் ஓடாது. விளம்பரம் குறுக்கே வராது. 'இன்னும் 99 ரூபாய் கட்டினால் ஜெயிக்கலாம்' என்று எதுவும் எட்டிப்பார்க்காது.

'இப்படியும் ஒரு மொபைல் கேமா?' என்றுதானே கேட்கிறீர்கள்? ஆமாம். பேரு 'இன்டு தி பிரீச்'. 2018-ல் கம்ப்யூட்டருக்கு வந்த இந்த கேம், 2022 ஜூலையில் நெட்ஃப்ளிக்ஸ் மூலமாக மொபைலுக்கும் வந்தது.

இந்த ஒரு கேமைப் புகழ்ந்து தள்ளுவதற்காக இதைச் சொல்லவில்லை. 2025 ஆகஸ்ட்டில் ஆன்லைன் கேமிங் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதிலிருந்து, 'கேம்னாலே சூதாட்டம்' என்று ஒரு கூட்டமும், 'இனிமே மிச்சமிருக்கிற கேம் எல்லாம் சேஃப்' என்று இன்னொரு கூட்டமும் பேசிக்கொண்டிருக்கிறது. ரெண்டுமே தப்பு. ஏன் என்று புரிய, ராட்சத ரோபோக்கள்தான் சரியான உதாரணம்.

சட்டம் என்ன கேட்கிறது?

சட்டம் ஆன்லைன் கேம்களை மூன்றாகப் பிரிக்கிறது. இ-ஸ்போர்ட்ஸ், சோஷியல் கேம், பண கேம். பணத்தையோ வேறு எதையோ பந்தயமாக வைத்து, பதிலுக்குப் பணமோ அதுபோன்ற லாபமோ ஜெயிக்கலாம் என்ற எதிர்பார்ப்பில் ஆடுவது மூன்றாவது வகை. அதை நடத்துபவர்களுக்கு 3 ஆண்டுவரை சிறை, 1 கோடி ரூபாய்வரை அபராதம்.

அதாவது, சட்டம் பார்ப்பது 'பணம் போட்டுப் பணம் எடுக்கிறாயா?' என்பதை. நியாயமான கேள்விதான். ஆனால், பணம் போட்டு, பணமே திரும்ப வராமல், ஒரு ரோபோவின் படம் மட்டும் வந்தால்? அங்கே உங்களுக்கு உதவ இன்னொரு கேள்வி வேண்டும்: 'இந்த கேமில் அதிர்ஷ்டம் எங்கே ஒளிந்திருக்கிறது?'

நமக்கு இது புதுசு இல்லை. தாயம் ஆடும்போது கட்டையை உருட்டிவிட்டு, விழுந்ததை வைத்துக் காயை நகர்த்துகிறோம். ஆடு புலி ஆட்டத்தில் உருட்ட எதுவும் இல்லை. எல்லாம் கண்ணெதிரே இருக்கும். தோற்றால் நம் மூளைதான் பொறுப்பு. மெக் எனப்படும் ராட்சத ரோபோக்களை வைத்து முறைபோட்டு ஆடும் கேம்களிலும் இந்த ரெண்டு ரகமும் உண்டு. மூன்றாவதாக ஒரு ரகமும் உண்டு. வில்லங்கம் அங்கேதான்.

முதல் ரகம்: அதிர்ஷ்டம் களத்தில்

1984-ல் அமெரிக்காவில் 'பேட்டில்டெக்' போர்டு கேமாகப் பிறந்தது. மேஜையில் ரோபோ பொம்மைகளை நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். அதுவே 2018-ல் கம்ப்யூட்டர் கேமாக வந்தபோது, பகடை இருந்த இடத்துக்கு சதவிகிதம் வந்தது. 'இந்தக் குண்டு படுவதற்கு வாய்ப்பு 95%' என்று திரை சொல்லும். நீங்களும் நம்பிச் சுடுவீர்கள். மிஸ் ஆகும். 95% என்றால், சராசரியாக இருபதில் ஒன்று மிஸ் ஆகும் என்றும் அர்த்தம். அது இன்றைக்குத்தான் நடக்க வேண்டுமா என்று புலம்பத் தோன்றும்.

ஆனால் நாலு முறை அடிவாங்கிய பிறகு, 'ஒருவேளை படலைன்னா?' என்று முன்னாடியே ஒரு பிளான் போட ஆரம்பித்துவிடுவீர்கள். எல்லா ஆயுதங்களையும் ஒரே நேரத்தில் சுட்டால் ரோபோ சூடாகி அப்படியே நின்றுவிடும் என்பதும் அங்கே ஒரு பாடம்.

ஜப்பானின் 'சூப்பர் ரோபோ வார்ஸ்' இதே ரகத்தில் சீனியர். 1991-ல் கேம் பாய் கருவிக்கு வந்தது. குண்டம், மசிங்கர், கெட்டர் என்று வெவ்வேறு அனிமேக்களின் ரோபோக்களை ஒரே களத்தில் இறக்கியது. இந்த சீரிஸிலும் சதவிகிதம் உண்டு. ஆனால், முக்கியமான நேரத்தில் பைலட்டின் மனசக்தியைச் செலவழித்து, 'இந்த டர்ன் அடி கட்டாயம் படும்' என்று உறுதிசெய்துகொள்ளவும் முடியும். அதாவது, அதிர்ஷ்டம் உண்டு. அதற்குக் கடிவாளம் போடும் வழியும் உங்கள் கையிலேயே உண்டு.

இரண்டாவது ரகம்: எல்லாம் வெளிச்சம்

'இன்டு தி பிரீச்' ஆடு புலி ஆட்டத்தின் பக்கம். ஜஸ்டின் மா, மேத்யூ டேவிஸ் இருவரும் தொடங்கிய சப்செட் கேம்ஸ் என்ற சின்ன நிறுவனத்தின் தயாரிப்பு. எதிரி யாரை அடிப்பான், எந்த வரிசையில் அடிப்பான், எவ்வளவு சேதம் என எல்லாம் முன்கூட்டியே தெரியும். நீங்கள் சுட்டால் குண்டு பட்டே தீரும்.

பெரும்பாலும் உங்கள் வேலை எதிரியைக் கொல்வதுகூட இல்லை. ஒரு கட்டம் தள்ளிவிட்டால் போதும். கட்டடத்தை அடிக்க வேண்டிய பூச்சி, பக்கத்து பூச்சியையே அடித்துவிடும். தண்ணீரில் தள்ளினால், பறக்கத் தெரியாத பூச்சி கதை முடிந்தது. சில நேரம் கட்டடத்தைக் காப்பாற்ற உங்கள் ரோபோவையே குறுக்கே நிறுத்தி அடிவாங்க வேண்டியிருக்கும். ஏனென்றால், கட்டடங்கள் இடிந்து மின்சக்தி பூஜ்யமானால் ஆட்டம் அவ்வளவுதான்.

இதில் அதிர்ஷ்டமே இல்லையா? கொஞ்சம் இருக்கு. உதாரணமாக, தாக்கப்பட்ட கட்டடம் தப்பிப் பிழைக்க ஆரம்பத்தில் 15% வாய்ப்பு உண்டு. கவனித்தீர்களா? அந்த அதிர்ஷ்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. உங்களைக் காலைவாருவதற்காக வைக்கப்படவில்லை.

மூன்றாவது ரகம்: அதிர்ஷ்டம் கடையில்

இப்போ மேட்டருக்கு வருவோம். அதே சூப்பர் ரோபோ வார்ஸ் சீரிஸில் 2019-ல் ஜப்பானில் 'டிடி' என்ற மொபைல் கேம் வந்தது. டவுன்லோடு இலவசம். அதே கட்டங்கள், அதே ரோபோக்கள். ஆனால் ரோபோக்களைப் பலப்படுத்தும் பொருள்களுக்கு 'காச்சா' குலுக்கல் உண்டு. காசு போட்டுத் திருகினால் ஏதோ ஒரு பொம்மை விழும் ஜப்பானியக் கடைவீதி இயந்திரம் இருக்கிறதே, அதிலிருந்து வந்த பெயர் இது. இந்த ஒரு கேம் மட்டுமில்லை, இலவசமாகக் கிடைக்கும் ஏராளமான மொபைல் கேம்கள் இப்படித்தான் சம்பாதிக்கின்றன.

இங்கே அதிர்ஷ்டம் களத்தைவிட்டு இறங்கி கல்லாவில் போய் உட்கார்ந்துவிடுகிறது. குண்டு மிஸ் ஆனால் அடுத்த டர்னில் யோசித்து மீளலாம். குலுக்கல் மிஸ் ஆனால் யோசிக்க என்ன இருக்கு? இன்னொரு தடவை குலுக்கலாம், அவ்வளவுதான்.

ஒரு சின்ன கணக்கு. நீங்கள் ஆசைப்படும் ரோபோ கிடைக்க 1% வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். 'நூறு தடவை குலுக்கினா கண்டிப்பா வந்துடும்' என்று மனசு சொல்லும். வராமலே போக சுமார் 37% வாய்ப்பு இருக்கிறது. அதாவது, நூறு தடவை காசு போட்ட மூன்று பேரில் ஒருவருக்கு மேல் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். சில கேம்கள் 'இத்தனை தடவைக்குப் பிறகு நிச்சயம்' என்று உத்தரவாதம் தருகின்றன. அப்போதும் அந்த 'இத்தனை' எவ்வளவு ரூபாய் என்று நீங்களே பெருக்கிப் பார்ப்பது நல்லது.

உலகம் விழித்தது எப்போது?

குலுக்கலில் கிடைக்கும் குறிப்பிட்ட சில பொருள்களை முழு செட்டாகச் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற 'கம்ப்ளீட் காச்சா' முறை, சட்டத்துக்கு விரோதமானது என்று ஜப்பான் 2012-லேயே சொல்லிவிட்டது. ஆப்பிள் 2017 டிசம்பரில், காசுக்குக் குலுக்கல் விற்கும் ஆப்கள் வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்று விதி போட்டது. 2018-ல் பெல்ஜியம், காசு கொடுத்துத் திறக்கும் 'லூட் பாக்ஸ்' சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று அறிவித்தது.

இந்த நாடுகள் எல்லாம் கேமுக்கு எதிரிகள் இல்லை. ஜப்பான் இந்த ரோபோக்களுக்குப் பிறந்த வீடு. களத்தில் இருக்கும் அதிர்ஷ்டம் வேறு, கல்லாவில் இருக்கும் அதிர்ஷ்டம் வேறு என்று பிரித்துப் பார்த்தார்கள். நம் ஊரில் இந்தப் பேச்சு இன்னும் சூடுபிடிக்கவில்லை. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன?

நீங்க செய்ய வேண்டியது

உங்கள் போனில் இருக்கும் கேமைத் திறந்து மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. தோற்றால் கேம் என்ன சொல்கிறது? 'வேற மாதிரி யோசி' என்றா, 'கடைக்கு வா' என்றா?

2. வாங்கும் முன் என்ன பொருள், எவ்வளவு விலை என்று தெரிகிறதா? இல்லை, மூடிய டப்பாவுக்குக் காசு கேட்கிறதா?

3. நீங்களாக விரும்பித் திறக்கிறீர்களா? அல்லது 'இன்னும் 2 மணி நேரத்தில் ஆஃபர் முடியுது' என்ற நோட்டிஃபிகேஷன் உங்களை இழுத்துவருகிறதா?

காசு கொடுப்பதே தப்பு என்றும் நினைக்க வேண்டாம். உழைத்து கேம் செய்தவருக்கு விலை கொடுப்பது நியாயம். என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து கொடுங்கள், அவ்வளவுதான்.

'இன்டு தி பிரீச்'சில் தோற்றால் அந்த உலகமே அழிந்துவிடும். உயிரோடிருக்கும் ஒரே ஒரு பைலட்டை, அவர் கற்ற அனுபவத்தோடு, இன்னொரு காலத்துக்கு அனுப்பிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். போன தடவை எங்கே சொதப்பினோம் என்பது மட்டும் உங்கள் மண்டையில் பத்திரமாக இருக்கும். காச்சாவில் சேர்த்த ரோபோக்கள் அந்த நிறுவனம் சர்வரை மூடும் நாள்வரைதான். அதற்குப் பிறகு உங்களிடம் மிஞ்சுவது பேங்க் ஸ்டேட்மென்ட் மட்டுமே.

இப்போ உங்க டர்ன். அவசரமே இல்லை, நல்லா யோசிங்க!