நாட்டு நடப்பு: கிணறு தோண்டுமுன் கேட்க வேண்டியவர்கள்

தஞ்சைப் பக்கத்தில் நாலைந்து மா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இங்கு வந்து உத்தியோகம் பார்க்கும் அன்பர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. எண்ணெய்க் கிணறு என்ற பேச்சு ஊரில் கிளம்பும்போதெல்லாம், “நம்மை யாரேனும் கேட்பார்களா? கேட்டாலும் இத்தனை தூரத்திலிருந்து நாம் என்ன சொல்ல முடியும்?” என்று அவர்கள் வினவுவது வழக்கம். நியாயமான கேள்விதான். அதற்குச் சட்டத்தில் உள்ள விடையை இம்மாதம் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

பெருந்தொழில்களுக்கு அனுமதி அளிக்குமுன், அவற்றால் நிலம், நீர், காற்று, மக்கள் வாழ்வு ஆகியவற்றுக்கு நேரும் விளைவுகளை ஆராய வேண்டும் என்று மத்திய அரசு 1994ஆம் ஆண்டு ஜனவரியில் அறிவிக்கை வெளியிட்டது. ஊராரின் கருத்தையும் கேட்டே தீர வேண்டும் என்பது 1997இல் சேர்க்கப்பட்டது. இப்போதைய நடைமுறைக்கு அடிப்படையாக இருப்பது 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆந் தேதிய அறிவிக்கை.

அதன்படி, தொழில் தொடங்க விரும்புவோர் ஆய்வறிக்கையின் வரைவையும், உள்ளூர் மொழியில் அதன் சுருக்கத்தையும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கொடுக்க வேண்டும். அவை கலெக்டர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி மன்றங்கள் முதலிய இடங்களில் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். குறைந்தது 30 நாட்கள் முன்னதாகப் பத்திரிகைகளில் விளம்பரம் செய்து, திட்டம் அமையும் இடத்திலோ அதன் அருகிலோ கூட்டம் நடத்த வேண்டும். கலெக்டரோ, கூடுதல் கலெக்டர் பதவிக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிப்பார். பேசுவது முழுவதும் படம் பிடிக்கப்படும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பை ஊராரின் மொழியிலேயே படித்துக் காட்டிய பின்னரே கையொப்பமிட வேண்டும். இந்தக் கடைசி விதியைப் பலர் அறியார். தாம் சொன்னது ஏட்டில் ஏறியதா என்பதைத் தம் காதாலேயே கேட்டறியும் உரிமை அது. அதற்குள் பந்தலை விட்டு வீடு திரும்புவோரே மிகுதி.

இத்தனை ஏற்பாடும் ஏட்டில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஆய்வறிக்கையைத் தயாரிக்கும் நிபுணருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? கிணறு தோண்ட விரும்பும் கம்பெனியே! நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்க, ஊராருக்குக் கிடைப்பது சில பக்கச் சுருக்கம். கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தே ஆகவேண்டும் என்ற வரம்பும் கிடையாது. வந்தவர் அனைவரும் வேண்டாமென்றாலும் அதனாலேயே திட்டம் நின்றுவிடாது. அது வாக்கெடுப்பு அன்று. எனினும் ஆட்சேபங்களை நிபுணர் குழு ஆராய்ந்து, ஏற்பதற்கும் தள்ளுவதற்கும் காரணம் கூற வேண்டும் என்று டில்லி உயர்நீதிமன்றம் கோவாச் சுரங்க வழக்கொன்றில் 2009இல் தீர்ப்பளித்தது. ஆகவே தெளிவாகச் சொல்லப்பட்ட ஆட்சேபம் வீண்போவதில்லை. “வேண்டாம்” என்று நூறு பேர் முழங்குவதைவிட, “எங்கள் ஊர்க் குடிநீர்க் கிணறு இத்தனை கஜ தூரத்தில் இருக்கிறது, அறிக்கையில் அதைக் காணோமே” என்று ஒருவர் கேட்பது அதிகப் பயன் தரும் என்பது நமது அபிப்பிராயம்.

எண்ணெய், எரிவாயு விஷயத்தில் ஒரு மாறுதல் நேர்ந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு ஜனவரி 16ஆந் தேதி மத்திய அரசு ஒரு திருத்தம் வெளியிட்டு, எண்ணெய் உண்டா இல்லையா என்று பார்ப்பதற்காகத் தோண்டும் சோதனைக் கிணறுகளை வேறொரு வகுப்பில் சேர்த்தது. அந்த வகுப்புக்கு விரிவான ஆய்வறிக்கையும் வேண்டாம், மக்கள் கருத்துக் கேட்பும் வேண்டாம். எண்ணெய் கிடைத்து உற்பத்தி தொடங்கும் கட்டத்துக்கே பழைய விதிகள் பொருந்தும். நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 80 சதவிகிதத்துக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வருகையில், தேடும் வேலை விரைந்து நடக்க வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. நம் வீட்டு அடுப்பும் எரிவாயுவில்தானே எரிகிறது! ஆனால் பூமிக்கடியில் அழுத்தம் எவ்வளவு என்று சரிவரத் தெரியாமல் துளைப்பது சோதனைக் கிணற்றில்தான். தெரியாத இடத்தில் கேள்வியைக் குறைத்துவிட்டு, தெரிந்த பிறகு கேட்பது முறையாகுமா? அதற்குள் பணமும் இயந்திரமும் இறங்கி, ஊராரின் சொல் பாதி வலுவிழந்திருக்கும்.

அஸ்ஸாமில் அதே ஆண்டு நடந்ததை நம் வாசகர் சிலர் அறிவர். தின்சுகியா மாவட்டம் பாக்ஜானில், ஆயில் இந்தியா நிறுவனத்தின் 5ஆம் எண் கிணறு பழுதுபார்க்கும் வேலையின்போது மே 27ஆந் தேதி கட்டுமீறி வெடித்தது. ஜூன் 9ஆந் தேதி தீப்பற்றியது. தீயணைப்பு வீரர் இருவர் மாண்டனர். நவம்பர் நடுவில்தான் நெருப்பை முற்றும் அடக்க முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் முகாம்களில் தங்க நேர்ந்தது. வீடுகள் எரிந்தன, தேயிலைத் தோட்டங்களும் பயிரும் பாழாயின, மாகுரி மோட்டாபுங் ஏரியில் எண்ணெய் படர்ந்து மீன்பிடிப்போர் பிழைப்பு கெட்டது. இந்தக் கிணறு திருத்தத்துக்கு முன்பே இருந்து வந்தது. ஆதலால் திருத்தத்தின்மேல் இப்பழியைச் சுமத்துவது நேர்மையன்று. ஆயினும் விபத்துக்குப் பதினாறு நாட்களுக்கு முன்னர்தான், அருகிலுள்ள திப்ரு சைகோவா தேசியப் பூங்காவின் அடியில் ஏழு இடங்களுக்குச் செல்லும் கிணறுகள் துளைக்க அந்நிறுவனத்துக்கு அனுமதி அளிக்கப்பட்டிருந்தது. அவ்வனுமதிக்குக் குவஹாத்தி உயர்நீதிமன்றம் டிசம்பரில் இடைக்காலத் தடை விதித்தது.

தமிழ்நாட்டில் 2017இல் நெடுவாசல் மக்கள் நடத்திய கிளர்ச்சியை யாவரும் அறிவோம். 2020 பிப்ரவரியில் சட்டமன்றம் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய அன்றைய மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் அதில் அடங்கும். அங்கே புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை. ஆனால் முன்பே நடந்துவரும் வேலைகளை அச்சட்டம் தொடவில்லை. மண்டலத்துக்கு வெளியே உள்ள ஊர்களுக்கு இந்தக் காப்பும் இல்லை.

இனி, தொலைவில் இருப்போர் செய்யக்கூடியது. கருத்துக் கேட்பு என்பது கூட்டம் மட்டுமன்று. திட்டத்தின் சுற்றுச்சூழல் விளைவுகளில் நியாயமான அக்கறையுடைய எவரும் எழுத்து மூலமாகக் கருத்து அனுப்பலாம் என்று 2006 அறிவிக்கையே கூறுகிறது. நிலம் அங்கே இருக்க, உடையவர் இங்கே இருப்பது ஒரு தடையாகாது. விளம்பரம் பெரும்பாலும் உள்ளூர்ப் பத்திரிகையில் வருவதால், ஊரிலுள்ள பங்காளியிடமோ குத்தகைதாரரிடமோ பார்த்து எழுதச் சொல்லுங்கள். கடிதத்தை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பதிவு செய்த விரைவுத் தபாலில் அனுப்பி, பிரதி ஒன்றைக் கலெக்டருக்கும் அனுப்புங்கள். சர்வே எண்ணையும், நிலத்துக்குப் பாயும் வாய்க்காலின் பெயரையும் குறிப்பிடத் தவற வேண்டாம். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.