முச்சையும் மூன்று சமன்பாடுகளும்

நெல்லியடிச் சந்தியில் பேருந்துக்காகக் காத்திருந்தபோது, உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் மாணவன் ஒருவனிடம் கேட்டேன்: "தம்பி, பட்டத்தின் முச்சையில் எந்த நூலில் இழுவை கூட?" சற்றே யோசித்தவன் சொன்னான்: "அது சோதினைக்கு வராது ஐயா. மாஸ்டர் விடச் சொன்னவர்."

என் கோபம் அந்தப் பிள்ளைமீது அல்ல. கூப்பிடு தூரத்தில் வல்வெட்டித்துறை. தைப்பொங்கலன்று அங்கே வானில் ஏறும் பட்டங்களைக் காண ஊரே திரள்கிறது. பட்டத்தின் முகத்தில் மூன்று இடங்களில் நூல் கட்டி ஒரே முடிச்சில் சேர்ப்பதுதான் முச்சை. முப்பரிமாணச் சமநிலைக்கு இதைவிட நல்ல பாடம் எந்த நாட்டில் உண்டு?

கணக்கைப் பாருங்கள். முடிச்சு பட்டத்திலிருந்து 60 சென்ரிமீற்றர் தள்ளி நிற்கிறது. முடிச்சுக்கு நேரெதிரான புள்ளியிலிருந்து 20 மேலே, இடமும் வலமும் 30 விலகி இரு நூல்கள். 25 கீழே ஒரு நூல். பைதகரசின்படி மேல் நூல்களின் நீளம் தலா 70, கீழ் நூல் 65. கையிலுள்ள நூல் பட்டத்தின் முகத்துக்குச் செங்குத்தாக 108 நியூற்றனில், அதாவது ஏறத்தாழ 11 கிலோகிராம் பாரத்தின் அளவில், இழுக்கிறது என்க.

முடிச்சு அசையாதிருக்க மூன்று திசைகளிலும் விசைகளின் கூட்டுத்தொகை பூச்சியமாக வேண்டும். இட-வலத் திசையிலிருந்து மேல் நூல்கள் இரண்டின் இழுவையும் சமம். மேல்-கீழ்த் திசையையும் முன்-பின் திசையையும் சேர்த்துத் தீர்த்தால் மேல் நூல்களில் தலா 35, கீழ் நூலில் 52 நியூற்றன். கூட்டினால் 122, 108 அல்ல. நூல்கள் சாய்ந்து இழுப்பதால் ஒன்றின் பலத்தை இன்னொன்று ஓரளவு தின்றுவிடுகிறது.

"108ஐ மூன்றால் வகுத்தால் 36" என்று நினைப்பவன், 45 நியூற்றனில் அறும் நூலைத் துணிந்து கட்டுவான். கீழ் நூல் அறும். பட்டம் கடலில்.

"சமச்சீரைக் கொண்டு இதை ஒரே தளத்தில் முடித்துவிடலாமே" என்பார் சிலர். உண்மை, காற்றுப் பக்கவாட்டில் திரும்பும்வரை. சமச்சீர் குலைந்தபின் இலாமியின் தேற்றமும் துணைக்கு வராது. அது ஒருதள விசைகள் மூன்றுக்கே உரியது. நான்காவது நூல் ஒன்றையும் கட்டினாலோ தெரியாக் கணியங்கள் நான்கு, சமன்பாடுகள் மூன்றே. அப்போது நூலின் நீட்சியையும் அறிந்தாக வேண்டும். தொலைத்தொடர்புக் கோபுரத்தை இழுத்துக் கட்டும் கம்பிகளின் கணக்கும் இதே குடும்பந்தான்.

மூன்று கூறுகள் கொண்ட காவியைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். நிலையியல் வந்ததும் விசைகளை எல்லாம் ஒரே தளத்தில் படுக்க வைத்துவிடுகிறோம். பாடத்திட்டம் அவ்வளவுதான் என்றால் இருக்கட்டும். அதற்கு அப்பால் எட்டிப் பார்க்க விரும்பும் பிள்ளையின் வாயை அடைக்கும் உரிமையை ஆசிரியருக்கு யார் தந்தது? கடந்தகால வினாத்தாள்களை மட்டும் மனனம் செய்விப்பது கல்வியன்று, பயிற்றுவித்த கிளியின் வித்தை.

ஆசிரியப் பெருமக்களே, ஒரே ஒரு மாலை கரும்பலகையை விட்டு வெளியே வாருங்கள். பிள்ளைகள் முச்சை கட்டட்டும். நீங்கள் சமன்பாட்டை எழுதுங்கள். சோதினைக்கு வராதுதான். காற்று வரும்.