ஜூரி என்ன பொம்மையா?

வார்ட் ஹன்ட். 1873 முதல் 1882 வரை அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி. அந்தக் காலத்தில் அவர்கள் ஊர் ஊராகப் போயும் வழக்கு விசாரிப்பார்கள். பதவியேற்ற ஆறாவது மாதமே இவர் செய்த காரியத்தைப் பாருங்கள்.

1872 தேர்தலில் ஓட்டுப் போட்ட 'குற்றத்துக்காக' சூசன் பி. அந்தோணி இவர் முன் நின்றார். சாட்சி சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. வாதம் முடிந்ததும், எழுதி வைத்திருந்த தாளை ஹன்ட் எடுத்து வாசித்தார். குற்றவாளி என்றே முடிவு சொல்லும்படி ஜூரிக்கு உத்தரவு! கலந்து பேசக்கூட விடவில்லை. அப்புறம் எதற்கு 12 பேர்? நாற்காலியை நிரப்பவா?

100 டாலர் அபராதம். அந்தோணி கட்டவே இல்லை. ஹன்ட் சிறைக்கும் அனுப்பவில்லை. கருணை என்று நினைத்துவிடாதீர்கள். சிறையில் போட்டிருந்தால் உச்ச நீதிமன்றம் போக ஒரு வழி கிடைத்திருக்கும். அதுவும் அடைபட்டது.

ஓட்டின் மதிப்பு தெரியாதவரா? அதுவும் இல்லை. 1876-ல் ரீஸ் வழக்கில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மாற்றுத் தீர்ப்பு எழுதியவர் இதே ஹன்ட்தான். தெரிந்தே செய்ததுதான் பெரிய தப்பு.

1879-ல் பக்கவாதம் வந்து படுத்தார். ஓய்வூதியத் தகுதி இல்லாததால் மூன்று வருடம் பதவியை விடவில்லை. 1882-ல் நாடாளுமன்றம் அவருக்காகவே தனிச் சட்டம் போட்டது, அன்றே விலகினார்.

ஒரு பெண்ணின் ஓட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை என்றவருக்கு, ஓய்வூதியத்துக்குத் தனிச் சட்டம்!