எக்ஸ்ரேயில தெரியாத மில்லு

கொஞ்சம் நீளமான த்ரெட். பாதி மருத்துவம், பாதி ஊர்க்கதை. பொறுமையா படிங்க.

போன மாசம் ஓ.பி.யில ஒரு ஆத்தா. எழுபது வயசு இருக்கும். ரெண்டு வருஷமா மூச்சு வாங்குதுன்னு வர்றாங்க. "சி.ஓ.பி.டி."ன்னு சீட்டுல எழுதி இன்ஹேலர் குடுத்துட்டு இருக்கோம். எழுதினவங்கள்ல நானும் ஒருத்தன். பீடி சிகரெட் பழக்கம் கிடையாது, வீட்டுக்காரருக்கும் கிடையாது. அப்போ விறகடுப்புப் புகையாத்தான் இருக்கும்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். தொழில்ங்கிற இடத்துல "இல்லை"ன்னு இருந்துச்சு.

அன்னிக்கு மழை, கூட்டம் கம்மி. சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன், "சின்ன வயசுல என்ன வேலைக்குப் போனீங்க ஆத்தா?"

"மில்லுக்குத்தானுங்க சாமி. இந்த ஊர்ல வேறென்ன இருந்துச்சு?"

1972-ல, 17 வயசுல சேர்ந்திருக்காங்க. ரீலிங் டிபார்ட்மென்ட். 19 வருஷம். மில்லை மூடினதும் வேஸ்ட் காட்டன் குடோன்ல பஞ்சு பிரிக்கிற வேலை, அது 11 வருஷம். ஆக மொத்தம் முப்பது வருஷம் பஞ்சுத்தூசிக்குள்ள மூச்சு விட்டவங்களுக்குத்தான் நாங்க "தொழில்: இல்லை"ன்னு எழுதி வெச்சிருக்கோம்.

எம்.பி.பி.எஸ். படிக்கிறப்ப பிசினோசிஸ்னு ஒரு நோய் வரும். பஞ்சுத்தூசியால வர்ற நுரையீரல் நோய். பரீட்சைக்கு ரெண்டு மார்க் கேள்வி, படிச்சுட்டு மறந்துடுவோம். அதோட அடையாளம் விசித்திரமானது. ஞாயித்துக்கிழமை லீவு முடிஞ்சு திங்கக்கிழமை வேலைக்குப் போனா நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும். செவ்வாய், புதன்ல குறைஞ்சிடும். அடுத்த திங்கக்கிழமை திரும்ப வரும். வருஷக்கணக்கா இப்படியே போனா, ஒரு கட்டத்துல எல்லா நாளும் திங்கக்கிழமை ஆயிடும். அப்புறம் வேலையை விட்டாலும் முழுசா சரியாகாது.

சரி, கேட்டுப் பார்த்துடலாம்னு, "அப்பெல்லாம் திங்கக்கிழமை ஆனா நெஞ்சு இறுக்குமா?"ன்னு கேட்டேன்.

"இல்லீங்களே."

அதோட விட்டிருப்பேன். அவங்களே சொன்னாங்க: "எங்களுக்கு ஞாயித்துக்கிழமை லீவு இல்லீங்க. வியாழக்கிழமைதான் லீவு. வெள்ளிக்கிழமை போனா நெஞ்சு மேல கல்லு வெச்ச மாதிரி இருக்கும். ரெண்டு நாள்ல சரியாயிரும். எல்லாத்துக்கும் அப்படித்தானுங்க, அதையெல்லாம் யாரு நோவுன்னு நெனச்சா? வெல்லக்கட்டி ஒண்ணு வாயில போட்டுக்குவோம்."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. நான் படிச்ச புத்தகத்துல இருந்த திங்கக்கிழமை இங்கிலாந்துக்காரங்களோட திங்கக்கிழமை. ஞாயித்துக்கிழமை மில்லுக்குப் பூட்டுப் போட்ட ஊர்ல எழுதினது. எந்த மில்லுக்கு எந்தக் கிழமை லீவுன்னு தெரியாம அந்தக் கேள்வியைக் கேட்டா, பதில் "இல்லை"ன்னுதான் வரும்.

நான் நுரையீரல் ஸ்பெஷலிஸ்ட் இல்ல, உறுதியா சொல்ல வேண்டியது செஸ்ட் டாக்டர்தான். அனுப்பி வெச்சிருக்கேன். விறகடுப்பும் சேர்ந்து கெடுத்திருக்கலாம். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கணும். பிசினோசிஸுக்குன்னு எக்ஸ்ரேயில தனி அடையாளம் எதுவும் கிடையாது. ரத்தப் பரிசோதனையும் கிடையாது. ஸ்பைரோமெட்ரியில மூச்சுக்குழாய் அடைப்பு தெரியும், அது எதனால வந்ததுன்னு தெரியாது. நோயாளி தன் வேலையைப் பத்தி, தன் ஊரைப் பத்தி சொல்ற கதைதான் இந்த நோய்க்கு டெஸ்ட்.

கோயமுத்தூரை "தென்னிந்தியாவின் மான்செஸ்டர்"னு பெருமையா சொல்லிக்கிறோம். நிஜ மான்செஸ்டர் பக்கம் என்ன நடந்துச்சுன்னு தேடினேன். 1831-லயே ஜேம்ஸ் கே-ங்கிற மான்செஸ்டர் டாக்டர், நூற்பாலை ஆளுங்களுக்கு ஒரு தனி மாதிரி நெஞ்சு நோய் வருதுன்னு எழுதிட்டார். அரசாங்கம் நஷ்டஈட்டுத் திட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தது 1941-ல. நூத்திப் பத்து வருஷம்! 1950-கள்ல ரிச்சர்ட் ஷில்லிங்னு ஒரு டாக்டர் லங்காஷயர் மில்லு மில்லா ஆராய்ச்சி பண்ணி நோயை நிலை நிலையாப் பிரிச்சார். எதை வெச்சு? தொழிலாளியை உட்கார வெச்சு, "வாரத்துல எந்த நாள் நெஞ்சு இறுக்குது?"ன்னு கேட்டு.

அவங்க இன்னொண்ணும் செஞ்சாங்க, எனக்குப் பொறாமையா இருக்கறது அதுதான். மில்லுங்க மூடற காலத்துலயே தொழிலாளிங்களோட ஞாபகத்தைப் பதிவு பண்ண ஆரம்பிச்சாங்க. 1970-கள்ல எலிசபெத் ராபர்ட்ஸ்னு ஒரு வரலாற்று ஆய்வாளர் பிரஸ்டன், லங்காஸ்டர், பாரோ ஊர்கள்ல சாதாரண வீட்டுப் பெரியவங்களைத் தேடிப்போய் டேப் ரிக்கார்டர் வெச்சுக் கேட்டிருக்காங்க. என்ன சமைச்சீங்க, எத்தனை பிரசவம், மில்லுல என்ன வேலை, இப்படி. தறிச் சத்தத்துல காது கேக்காம பொம்பளைங்க உதட்டசைவுலயே பேசிக்கிட்டது, ஒவ்வொரு ஊர் மில்லும் வருஷத்துல ஒரு வாரம் மொத்தமா மூடி சனமெல்லாம் பிளாக்பூல் கடற்கரைக்குக் கிளம்பினதெல்லாம் இன்னிக்கும் உலகத்துக்குத் தெரியும். பர்ன்லியில ஒரு நீராவி நெசவு மில்லையே மியூசியமா வெச்சிருக்காங்க.

நம்ம கதை இதுக்குக் குறைஞ்சதில்ல. 1888-ல ஸ்டேன்ஸ் மில், 1910-ல லட்சுமி மில்ஸ். 1932-ல பைக்காரா மின்சாரம் வந்ததும் சிங்காநல்லூர், பீளமேடு பக்கமெல்லாம் மில்லு மில்லா முளைச்சது. கம்போடியா மில்ஸ்ங்கிற பேரைப் பார்த்து அது ஏதோ வெளிநாட்டுக் கம்பெனின்னு நினைச்சிருக்கேன். கம்போடியாங்கிறது நம்ம காட்டுல விளைஞ்ச ஒரு பருத்தி ரகம். சின்னியம்பாளையத்துத் தொழிலாளிங்க நாலு பேரை 1946 ஜனவரி 8-ம் தேதி கோவை ஜெயில்ல தூக்குல போட்டாங்க. 1974-ல தேசியமயமாகி என்.டி.சி.க்குப் போன மில்லுங்க 2020 மார்ச் ஊரடங்குல நின்னுச்சு. இப்ப மில்லு பேரெல்லாம் பஸ் ஸ்டாப்புல இருக்கு.

முதலாளிங்க வரலாறு புத்தகமா இருக்கு. நல்ல விஷயம்தான், வேண்டாம்னு சொல்லல. பழைய கோவை போட்டோ போடுற பக்கங்களும் இருக்கு, 1914-ல சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டின வெரைட்டி ஹால் தியேட்டர், மணிக்கூண்டு, அந்தக் காலத்து ஒப்பணக்காரத் தெரு. நானும் லைக் போடறவன்தான். ஆனா கார்டிங்ல நின்னவன் யாரு, அவனுக்கு எத்தனை வயசுல மூச்சு போச்சுங்கிறது அந்தப் போட்டோவுல இருக்காது.

இந்த ஊர் நோயை மறக்கற ஊர்னும் சொல்ல முடியாது. 1901-ல சுமார் 53 ஆயிரம் பேர் இருந்த கோயமுத்தூர் 1911-ல சுமார் 47 ஆயிரமா குறைஞ்சது. பிளேக் வந்த காலம் அது. செத்தவங்க போக, ஊரைக் காலி பண்ணிட்டு வெளிய குடிசை போட்டவங்க எத்தனை பேரோ. நூறு வருஷம் கழிச்சும் நமக்கு அது மறக்கல, ஏன்னா பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கு. 2021-ல இருகூர்ல கொரோனா தேவிக்கே சிலை வெச்சாங்க. பஞ்சுத்தூசிக்கு மட்டும் சாமி இல்ல. அது ஒரே நாள்ல வந்து அள்ளிட்டுப் போகல, முப்பது வருஷம் எடுத்துக்குச்சு. அதனால அது நோயாவே கணக்குல வரல.

என் அப்புச்சியும் மில்லுக்காரர்தான். ஷிப்ட் முடிஞ்சு வர்றப்ப புருவத்துல வெள்ளையா பஞ்சு ஒட்டியிருக்கும், நாங்க "தாத்தா நரைச்சுட்டாரு"ன்னு சிரிப்போம். கடைசி ரெண்டு வருஷம் உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். படுத்தா மூச்சு கட்டும். அவர் எந்த டிபார்ட்மென்ட்னு எனக்குத் தெரியாது. டாக்டருக்குப் படிச்ச பேரன், ஒரு தடவைகூடக் கேட்டதில்ல.

"சரி டாக்டரே, கண்டுபிடிச்சு என்ன ஆகப் போகுது, அதே இன்ஹேலர்தானே?"ன்னு கேப்பீங்க. அந்த ஆத்தாவுக்குப் பெருசா எதுவும் மாறாது, உண்மைதான். சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியல்ல பிசினோசிஸ் இருக்கு, நஷ்டஈட்டுச் சட்டத்துலயும் இருக்கு. ஆனா மில்லு மூடி முப்பது வருஷம் ஆச்சு. மஸ்டர் ரோல் பழைய பேப்பருக்குப் போயிருக்கும். யார்கிட்ட போய் நிரூபிக்கறது?

ஆனா மில்லு இன்னும் ஓடிக்கிட்டு இருக்குங்க. இடம்தான் மாறியிருக்கு. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல்னு சுத்தியும் ஸ்பின்னிங் மில்லுங்கதான். கொஞ்ச வருஷம் முன்னாடி வரைக்கும் சுமங்கலித் திட்டம்னு தென்மாவட்டத்துப் பொண்ணுங்களை மூணு வருஷ ஒப்பந்தத்துல கூட்டிட்டு வந்து ஹாஸ்டல்ல வெச்சாங்க. இப்ப ஒடிசா, ஜார்கண்ட், பீகார் பசங்க. ஓ.பி.யில "கூலி"ன்னு எழுதறோம். நாலஞ்சு வருஷத்துல ஊருக்குப் போயிடுவாங்க. இருபது வருஷம் கழிச்சு ஒடிசாவுல ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில மூச்சு வாங்கிட்டு உட்கார்ந்திருக்கறப்ப, அந்த டாக்டருக்குப் பல்லடமும் தெரியாது, வேடசந்தூரும் தெரியாது.

சக டாக்டர்களுக்கு: ஒரு ஓ.பி.க்கு நூத்தம்பது பேர், நேரமில்லை, எனக்குத் தெரியாததா? ஆத்தாகிட்ட நான் பேசினது நாலு நிமிஷம். எல்லார்கிட்டயும் வேண்டாம். இருமல், இளைப்புன்னு வர்ற ஐம்பது வயசுக்கு மேற்பட்டவங்ககிட்ட மட்டும் "முன்னாடி என்ன வேலை, எத்தனை வருஷம்"னு கேட்டு சீட்டுல எழுதுங்க. "இல்லை", "ரிட்டயர்டு", "ஹவுஸ் ஒய்ஃப்"னு எழுதாதீங்க. அடுத்து பார்க்கிற டாக்டருக்கு அந்த ஒரு வரிதான் துப்பு.

மாநகராட்சிக்கும் இங்க இருக்கிற காலேஜ் வரலாற்றுத் துறைகளுக்கும் ஒரு வேண்டுகோள். மூடின மில்லுங்களை இடிக்கறதுக்கு முன்னாடி மஸ்டர் ரோல், டிஸ்பென்சரி ரிஜிஸ்டர் ஏதாவது மிச்சம் இருந்தா ஸ்கேன் பண்ணி வையுங்க. லைன் வீடுகள்ல இன்னும் பெரியவங்க இருக்காங்க, மாணவர்களைப் போனோட அனுப்புங்க. 1972-ல சேர்ந்தவங்களுக்கே எழுபது வயசு. ரொம்ப நாள் காத்திருக்க முடியாது.

உங்க வீட்டுல மில்லுக்குப் போனவங்க இருந்தா இன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து கேளுங்க. எந்த மில்லு, எந்த டிபார்ட்மென்ட், எத்தனை வருஷம், லீவு என்ன கிழமை, லீவு முடிஞ்ச மறுநாள் உடம்பு எப்படி இருக்கும். போன்ல ரிக்கார்டு பண்ணி வெச்சுக்கோங்க. இஷ்டம் இருந்தா, பேர் போடாம இந்த த்ரெட்டுக்குக் கீழ எழுதுங்க. நான் ஒவ்வொண்ணும் படிப்பேன்.

ஆத்தா போன வாரம் ரிவ்யூவுக்கு வந்தாங்க. பிரஷர் மாத்திரை பேர் கேட்டா தெரியல, "வெள்ளையா சின்னதா இருக்குமுங்க"ன்னாங்க. மில்லு டோக்கன் நம்பரைக் கேட்டேன். கேட்டு முடிக்கறதுக்குள்ள சொல்லிட்டாங்க. எழுந்து போறப்ப, "எங்கூட ரீலிங்ல இருந்த அக்கா ஒருத்தி ஒண்டிப்புதூர்ல இருக்கா, அவளுக்கும் இப்படித்தான், அடுத்த தபா கூட்டியாரட்டுங்களா?"ன்னு கேட்டாங்க.

கூட்டிட்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன்.