உக்ரைனில் பீரங்கி வெடித்தால் அமெரிக்க வேட்டைக்காரருக்குத் துப்பாக்கி மருந்து கிடைக்காமல் போவது ஏன்?

அமெரிக்காவில் மான் வேட்டை சீசன் இலையுதிர் காலத்தில்தான். ஆனால், சொந்தமாகத் தோட்டா தயாரித்துக்கொள்ளும் வேட்டைக்காரர்களுக்கு வேலை கோடையிலேயே தொடங்கிவிடும். கடந்த சில ஆண்டுகளாக அவர்களில் பலருக்குச் சிக்கல் கடையிலேயே தொடங்கிவிடுகிறது. வழக்கமாக வாங்கும் மருந்து டப்பா கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை எகிறிக் கிடக்கிறது. இதற்குப் பெரிய காரணம், பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நடக்கும் உக்ரைன் போர்.

'அந்த பிராண்ட் இல்லைன்னா வேற பிராண்ட் வாங்கிக்க வேண்டியதுதானே?' என்று கேட்கத் தோன்றும். அது அவ்வளவு சுலபமில்லை.

தோட்டாவை ஏன் கையால் செய்கிறார்கள்?

ஒரு ரைஃபிள் தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்ட பிறகு மிஞ்சுவது பித்தளைக் கூடு மட்டும்தான். அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர் பொருத்தி, மருந்தை எடை போட்டு நிரப்பி, புதுக் குண்டை அழுத்தி வைத்தால் மறுபடி தோட்டா தயார். இதற்குப் பெயர் ஹேண்ட்லோடிங். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு இதைச் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. இந்தியாவில் கதையே வேறு: உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். வேட்டையையே 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் தடுத்துவிட்டது.

காசு மிச்சம் பிடிப்பது ஒரு காரணம். ஆனால் முக்கியக் காரணம் துல்லியம். ரெடிமேட் சட்டைக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டைக்கும் உள்ள வித்தியாசம் மாதிரிதான் இது. ஆலையில் செய்த தோட்டா எல்லா துப்பாக்கிக்கும் பொருந்த வேண்டும். ஒரே நிறுவனம், ஒரே மாடல் என்றாலும் இரண்டு துப்பாக்கிக் குழல்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் சுடாது.

அளவெடுப்பது எப்படி? மருந்து நிறுவனம் வெளியிடும் கையேட்டில் ஆரம்ப எடை, அதிகபட்ச எடை இரண்டும் இருக்கும். ஆரம்ப எடையில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு எடைக்கும் மூன்று முதல் ஐந்து தோட்டா செய்து 100 கஜ தூரத்தில் சுட்டுப் பார்ப்பார்கள். குண்டின் வேகத்தைக் கருவி அளக்கும். காகிதத்தில் துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதை இவர்களே அளப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும்தான் மாற்ற வேண்டும். பிரைமர் தட்டையாக நசுங்கினாலோ, சுட்டபின் போல்ட் திறக்க மறுத்தாலோ அழுத்தம் எல்லை மீறுகிறது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அந்த அதிகபட்ச எடையை ஏதோ எட்டிப்பிடிக்க வேண்டிய சாதனை மாதிரி நினைப்பவர்கள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள்.

100 கஜத்தில் ஒரு அங்குல விலகல், 300 கஜத்தில் மூன்று அங்குலமாகிவிடும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியதுதான். அது தப்பினால் விலங்கு உடனே சாகாது. காயத்தோடு ஓடி, காட்டுக்குள் எங்கோ வதைபட்டுச் சாகும். வேட்டையை ஏற்றாலும் எதிர்த்தாலும், துல்லியம் வெறும் பெருமைக்கான விஷயம் இல்லை என்பது இங்கே புரியும்.

இத்தனை வாரம் உழைத்துக் கிடைப்பது நோட்டில் ஒரே ஒரு வரி. எந்த மருந்து, எவ்வளவு எடை, எந்தக் குண்டு. அதில் மருந்தின் பெயர் மாறினால் எல்லாமே முதலில் இருந்து. ஹெச்4350 என்று ஒரு மருந்து உண்டு, ஐஎம்ஆர் 4350 என்று இன்னொன்றும் உண்டு. எண் ஒன்றுதான், மருந்து ஒன்றல்ல. எரியும் வேகம் வேறு. ஒன்றின் எடையை அப்படியே இன்னொன்றுக்குப் போடுவது ஆபத்தான தவறு. அதே மருந்தில் புது பேட்ச் வாங்கினால்கூட, எடையைக் குறைத்து மறுபடி சோதிக்கச் சொல்வார்கள்.

பருத்திக்கொட்டையில் தொடங்கும் தட்டுப்பாடு

இப்போது உக்ரைனுக்கு வருவோம். புகையில்லா மருந்துக்கு அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். அது பெரும்பாலும் பருத்தியில் இருந்து வருகிறது. நூற்கும் பஞ்சில் இருந்து அல்ல. பஞ்சைப் பிரித்த பிறகும் பருத்திக்கொட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டை இழையில் இருந்து. மான் தோட்டாவுக்கும் பீரங்கிக்கும் அடிப்படைச் சரக்கு ஒன்றுதான்.

வித்தியாசம் அளவில். அமெரிக்காவில் பிரபலமான 6.5 க்ரீட்மூர் தோட்டாவுக்கு மூன்று கிராமுக்கும் குறைவான மருந்து போதும். ஒரு பவுண்டு டப்பாவில் சுமார் 165 தோட்டா செய்யலாம். 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு ஒன்றை முழு தூரத்துக்கு அனுப்ப 10 கிலோவுக்கு மேல் மருந்து வேண்டும். அந்த ஒரு முழக்கத்துக்கான மருந்தில் 3,700 மான் தோட்டாக்கள் செய்துவிடலாம்.

போருக்கு முன் அமெரிக்கா மாதத்துக்குச் சுமார் 14,000 பீரங்கிக் குண்டுகள் தயாரித்தது. பிறகு வைத்த இலக்கு மாதம் 1 லட்சம். 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் 12 மாதத்தில் 10 லட்சம் குண்டு தருவதாக உக்ரைனுக்கு வாக்குக் கொடுத்து, குறித்த நாளில் தர முடியாமல் திணறியது. ஆயுத உற்பத்தியைப் பெருக்க அது ஒதுக்கிய 50 கோடி யூரோவில் ஏறக்குறைய முக்கால் பங்கு மருந்துக்கும் வெடிபொருளுக்குமே போனது. முட்டுக்கட்டை எங்கே என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஐரோப்பா வாங்கும் குட்டை இழையில் 70 சதவீதத்துக்கு மேல் சீனாவில் இருந்து வருகிறது என ஜெர்மனியின் ரைன்மெட்டால் நிறுவனத் தலைவர் ஆர்மின் பாப்பர்கர் 2024ல் சொன்னார். 2025ல் பெயின்ட், நெயில் பாலிஷ் போன்றவற்றுக்கான நைட்ரோசெல்லுலோஸ் செய்துவந்த ஹாகெடோர்ன் ஆலையை அந்த நிறுவனமே வாங்கியது.

அமெரிக்காவில் ராணுவத்துக்கான நைட்ரோசெல்லுலோஸ் வர்ஜீனியாவின் ராட்ஃபோர்ட் ஆலையில் தயாராகிறது. வேட்டைக்காரர்கள் வாங்கும் 'அலையன்ட்' மருந்துகளும் அதே வளாகத்தோடு பிணைந்தவை. உலக அளவிலான மருந்துப் பற்றாக்குறையால் விலை ஏறுகிறது என்று 2024ல் அந்த பிராண்டின் உரிமையாளர் கடைக்காரர்களுக்குக் கடிதமே அனுப்பினார். புது ஆலை கட்டலாமே என்றால், அமிலமும் வெடி அபாயமும் உள்ள தொழில் இது; அனுமதி வாங்கிக் கட்டி முடிக்கவே வருடங்கள் ஆகும். நீலகிரியில் அருவங்காடு கார்டைட் ஆலையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. நைட்ரோசெல்லுலோஸ் கலந்த மருந்தை அது நூறாண்டுக்கு மேலாகச் செய்கிறது.

கடையில் பெட்டியாக விற்கும் தோட்டா மட்டும் எப்படிக் கிடைக்கிறது? ஆலைகள் மொத்தமாக வாங்கும் மருந்து பேட்சுக்கு பேட்ச் கொஞ்சம் மாறினாலும் கவலையில்லை. அழுத்தத்தை அளக்கும் கருவி அவர்களிடம் இருக்கிறது, எடையைத் திருத்திக்கொள்வார்கள். வீட்டில் செய்பவரிடம் அந்தக் கருவி இல்லை. அதனால் டப்பாவில் வரும் மருந்தைக் கலந்து சமன்செய்து, கையேட்டோடு ஒத்துப்போகும்படி தர வேண்டும். கூடுதல் வேலை, சின்னச் சந்தை. சரக்கு குறையும்போது முதலில் கைவிடப்படுவது எது என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

இதில் ஒரு முரண். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்க ராணுவத்திடம் மிஞ்சிய மருந்தை மொத்தமாக வாங்கி, வேட்டைக்காரர்களுக்குச் சில்லறையில் விற்றார் ப்ரூஸ் ஹாட்ஜன். இன்று பிரபலமாக இருக்கும் ஹாட்ஜன் நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. அன்று ராணுவத்தின் மிச்சத்தில் வளர்ந்த பொழுதுபோக்கு, இன்று ராணுவம் எடுத்தது போக மிஞ்சுவதற்குக் காத்திருக்கிறது.

தட்டுப்பாடு என்றதும் கிடைத்ததை எல்லாம் வாங்கிப் பதுக்குவதும் நடக்கிறது, அது நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. வேறு மருந்துக்கு மாறுபவர், சோதனைக்கே ஒரு டப்பாவில் பெரும்பகுதியைச் சுட்டுத் தீர்க்க வேண்டியிருக்கும். அடுத்த முறை அதே டப்பா கிடைக்கும் என்று கடைக்காரராலும் உறுதி சொல்ல முடிவதில்லை.