பழைய மிஷினை ரிப்பேர் பண்ணலாமா?

வீடு கட்டுகிறவர்களின் பட்ஜெட்டில் எங்கே ஓட்டை விழும் என்று வங்கியில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது என் முறை. அகமதாபாத் புறநகரில் சின்னதாய் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கடன் வேலை ஏற ஏறத் தவணையாகத்தான் கைக்கு வரும். அதனால் வீட்டில் தினமும் ஒரே விவாதம்: கிடக்கிற பழைய சாமானை ரிப்பேர் செய்து ஓட்டுவதா, புதுசு வாங்குவதா?

இந்த ஊரில் ரிப்பேருக்குப் பஞ்சமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபர்மதிக் கரையில் கூடும் குஜரி பஜாருக்குப் போனால் பழைய டிரில், ரம்பம், மோட்டார் என்று சல்லிசாக அள்ளிக்கொண்டு வரலாம். நம்மவர்களில் இரண்டு கட்சி உண்டு. "எதையும் தூக்கிப் போடாதே" என்பது ஒன்று. "பழசு என்றாலே தலைவலி" என்பது இன்னொன்று. நான் இரண்டிலும் இல்லை. விலையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்கிறேன்: இது கெட்டால் யாருக்குத் தெரியும், யார் தலையில் விடியும்?

டிரில்லிங் மிஷினை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் பிரஷ் தேய்ந்தால் பொறி பறக்கும், அப்புறம் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரிகிற பழுது, நஷ்டம் அரை நாள் வேலை. பிரஷ்ஷும் பேரிங்கும் மாற்ற ஆகிற செலவு புது மிஷின் விலைக்குப் பக்கத்திலேயே வராது. தாராளமாக ரிப்பேர் செய்யுங்கள்.

தண்ணீர் மோட்டாரும் அப்படித்தான். சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், பிபிசி மாதிரிக் கலப்பு சிமென்ட் என்றால் 10 நாள் கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். நடுவில் மோட்டார் நின்றால் தொட்டி காலியாவது எல்லாருக்கும் தெரியும். இரண்டு டிரம்மில் தண்ணீர் பிடித்து வைத்தால் சமாளித்துவிடலாம். 20 வருஷப் பழைய மோட்டாருக்கும் பேரிங் கிடைக்கும், ஏனென்றால் அதெல்லாம் பொது அளவு. 6204 என்றிருந்தால் கடைசி 4-ஐ 5-ஆல் பெருக்குங்கள், உள்விட்டம் 20 மி.மீ. காயில் கட்டக் கொடுக்கும்போது மட்டும் உஷார். செம்புக்குப் பதில் அலுமினியம் சுற்றித் தருகிறவர்கள் உண்டு. அதே கனக் கம்பியில் அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல், சூடேறும். பழைய காயிலைத் திருப்பிக் கேளுங்கள், எடை போடுங்கள், பில் வாங்குங்கள்.

கலவை மிஷின் கதை வேறு. நம்ம சைட்டுகளில் சுற்றுவது பெரும்பாலும் 10/7 மிஷின். 10 கன அடி சரக்கு போட்டால் 7 கன அடி கலவை வரும். அதன் வயிற்றுக்குள் இருக்கும் பிளேடு தேய்ந்திருந்தாலும், பழைய கான்கிரீட் கட்டிபிடித்துக் கிடந்தாலும் மிஷின் நிற்காது. ஜம்மென்று சுற்றும். கலவைதான் சரியாகக் கலக்காது. இறுகுகிறது என்று ஆள் ஒரு வாளித் தண்ணீரைக் கூட ஊற்றுவார். பலம் அங்கேயே போச்சு. பூசி வெள்ளையடித்த பிறகு யாருக்குத் தெரியும்?

இந்த ஊருக்கு அதன் விலை தெரியும். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தின் மையம் இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனாலும் நம் ஜனங்கள் நிறைய இருக்கும் மணிநகர் உட்பட இங்கே பல கட்டிடங்கள் சரிந்தன. வண்டி நிறுத்தத் திறந்துவிட்ட தரைத்தளம், பலவீனமான தூண், கான்கிரீட் தரம் என்று காரணங்கள் பல. எல்லாமே அதுவரை பார்வைக்கு நன்றாக இருந்த கட்டிடங்கள்தான்.

அதற்காகப் பழைய கலவை மிஷினே கூடாது என்று சொல்லவில்லை. ரிப்பேர் செய்தால் முழுசாகச் செய்யுங்கள். உள்ளே கொத்திச் சுத்தம் செய்து புது பிளேடு வைக்கச் சொல்லுங்கள். சரக்கு தூக்கும் ஹாப்பரின் கம்பிக் கயிற்றில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றுங்கள். ஐ.எஸ். 456 விதிப்படி ஒவ்வொரு சுற்றுக்கும் குறைந்தது 2 நிமிஷம் கலக்க வேண்டும், கடிகாரத்தைப் பாருங்கள். 150 மி.மீ. க்யூப் எடுத்து 28-ஆம் நாள் சோதனைக்கு அனுப்புங்கள். இவ்வளவும் செய்ய முடியாதென்றால் நல்ல மிஷினை வாடகைக்கு எடுப்பதே லாபம். "ஏற்கெனவே இதுக்கு இவ்வளவு செலவழிச்சாச்சே" என்பது வாதமே இல்லை. போன பணம் போனதுதான், இனி போகப்போகும் பணத்தைத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பி.காமில் படித்த பாடங்களில் வீடு கட்டும்போது உதவுகிற ஒன்று இது :-)

கடைசியாக, யார் தலையில் விடியும் என்பது. இரும்பு உடம்புள்ள பழைய மிஷினில் எர்த் வயர் பெரும்பாலும் அறுந்திருக்கும், அல்லது இரண்டு பின் பிளக் மாட்டியிருப்பார்கள். ஈரத்தில் வெறுங்காலோடு நின்று அதைப் பிடிப்பது நாமில்லை. தாஹோத் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்த தொழிலாளி. மூன்று கோர் வயர், நல்ல எர்த், சைட் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. இந்த மூன்றும் இல்லாத ரிப்பேர், ரிப்பேரே இல்லை.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள்தான் நாமும். நம்முடைய சிக்கனத்துக்கு நாம் விலை கொடுக்கலாம். இன்னொருத்தர் பிள்ளையைக் கொடுக்க வைக்கக்கூடாது.